பிளஸ் ஒன்னில் எந்த குரூப்? பட்டப்படிப்பிலிருந்து பின்னோக்கி வந்து முடிவு செய்வது எப்படி

பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்ததிலிருந்து பிளஸ் ஒன் அட்மிஷன் முடியும்வரை பல வீடுகளுக்குச் சில நாட்கள்தான் கிடைக்கின்றன. அந்த அவசரத்தில் "ஃபர்ஸ்ட் குரூப் கிடைக்குமா?" என்ற ஒரே கேள்விதான் ஓடும். அதற்கு முன்னால் கேட்க வேண்டியது ஒன்று உண்டு: இந்த நான்கு பாடங்களை எடுத்தால் எந்தெந்தப் பட்டப்படிப்புக்கு விண்ணப்பம் போட முடியும், எதற்குப் போடவே முடியாது?

கீழே உள்ளது தமிழ்நாடு மாநிலப் பாடத்திட்டத்துக்கானது. மொழிப்பாடமும் ஆங்கிலமும் எல்லோருக்கும் பொது. முடிவு எடுக்க வேண்டியது மற்ற நான்கு பாடங்களைப் பற்றித்தான்.

படி 1: வேலையின் பெயரை விட்டுவிட்டுப் படிப்பின் பெயரை எழுதுங்கள்

"டாக்டர்", "ஐடி வேலை" என்று எழுதினால் அடுத்த படிக்கு நகர முடியாது. எம்.பி.பி.எஸ்., பி.இ. கணினி அறிவியல், பி.காம்., பி.ஏ. எல்.எல்.பி. என்று எழுதுங்கள். மொத்தம் மூன்று. முதலாவது, பிள்ளை ஆசைப்படுவது. இரண்டாவது, அதே துறையில் பக்கத்தில் இருப்பது. மூன்றாவது, நுழைவுத் தேர்வே இல்லாமல் பிளஸ் டூ மதிப்பெண்ணில் கிடைப்பது. மூன்றாவதை வெறுமையாக விடாதீர்கள். எம்.பி.பி.எஸ். மட்டும் எழுதிய தாளை வைத்துக் குரூப் எடுத்தால், நீட் கைகொடுக்காத ஆண்டில் எங்கே போவது என்று தெரியாமல் நிற்க வேண்டி வரும்.

படி 2: ஒவ்வொன்றுக்கும் கட்டாயப் பாடங்களை எதிரே எழுதுங்கள்

பி.இ., பி.டெக்.: கணிதம், இயற்பியல், வேதியியல். ஜே.இ.இ. எழுதி ஐ.ஐ.டி., என்.ஐ.டி. பொறியியலுக்குப் போவதற்கும் இவைதான். எம்.பி.பி.எஸ்., பல் மருத்துவம், சித்தா, ஆயுர்வேதம்: இயற்பியல், வேதியியல், உயிரியல், கூடவே நீட். பி.எஸ்சி. நர்சிங், பிசியோதெரபி ஆகியவற்றுக்கும் உயிரியல் வேண்டும். பி.ஃபார்ம். கொஞ்சம் தாராளமானது. இயற்பியல், வேதியியலோடு உயிரியல் அல்லது கணிதம் இருந்தால் போதும். கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப் மாணவரும் விண்ணப்பிக்கலாம் என்பது பலருக்குத் தெரிவதில்லை. பி.ஆர்க்.: கணிதமும் இயற்பியலும் கட்டாயம், தனியாக நாட்டா தேர்வும் உண்டு. தேசியப் பாதுகாப்பு அகாடமியில் (என்.டி.ஏ.) ராணுவப் பிரிவுக்கு எந்த குரூப்பும் சரி, விமானப்படைக்கும் கடற்படைக்கும் கணிதம், இயற்பியல், வேதியியல் வேண்டும்.

ஐந்தாண்டுச் சட்டப் படிப்புக்கு எந்த குரூப்பும் போதும். சி.ஏ.வுக்கும் அப்படியே. பி.காம்.மில் சயின்ஸ் மாணவர்களும் சேரலாம், ஆனால் வணிகவியல் படித்தவர்களுக்கு முன்னுரிமை தருவது வழக்கம்.

இந்தத் தகவலை யூட்யூபில் தேடாதீர்கள். பழைய வீடியோ எது, புதியது எது என்று பிரித்தறிவது கஷ்டம். அந்தந்தக் கலந்தாய்வின் போன ஆண்டுத் தகவல் கையேட்டை அதிகாரப்பூர்வத் தளத்திலிருந்து இறக்கி, "தகுதி" என்ற பகுதியை மட்டும் படியுங்கள். இரண்டு பக்கத்துக்கு மேல் இருக்காது.

படி 3: நான்காவது பாடம்

அதிகம் பேர் தடுக்கி விழுவது இங்கேதான். அதனால் நிதானமாகப் பார்ப்போம்.

சயின்ஸ் பக்கம் பெரும்பாலான பள்ளிகளில் மூன்று சேர்க்கைகள் இருக்கும். கணிதம், இயற்பியல், வேதியியலோடு உயிரியல் சேர்ந்தால் பயோ-மேத்ஸ். உயிரியலுக்குப் பதில் கணினி அறிவியல் வந்தால் கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப். கணிதத்தை எடுத்துவிட்டு இயற்பியல், வேதியியல், தாவரவியல், விலங்கியல் வைத்தால் ப்யூர் சயின்ஸ்.

"சாஃப்ட்வேர் படிக்கப் போகிறான், அதனால் கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப்" என்று முடிவு செய்யும் வீடுகள் ஏராளம். பி.இ. கணினி அறிவியலில் சேர பிளஸ் டூவில் கணினி அறிவியல் தேவையே இல்லை. பொறியியல் கட்-ஆஃபில் அந்த மதிப்பெண்ணைக் கூட்டுவதும் இல்லை. கல்லூரியில் புரோகிராமிங்கை அடிப்படையிலிருந்துதான் தொடங்குகிறார்கள். பயோ-மேத்ஸ் மாணவர் கணினிப் பொறியியலில் சேரலாம். ஆனால் கணினி குரூப் மாணவருக்கு எம்.பி.பி.எஸ்., கால்நடை மருத்துவம், நர்சிங் எல்லாம் கைவிட்டுப் போகும். பி.இ.யா மருத்துவமா என்று பதினைந்து வயதில் இன்னும் தெரியாத பிள்ளைக்கு என் பரிந்துரை பயோ-மேத்ஸ்.

அதற்கு ஒரு விலை உண்டு. உயிரியல் என்பது தாவரவியல், விலங்கியல் இரண்டும் சேர்ந்த பாடம், வாசித்து நினைவில் வைக்க வேண்டியது நிறைய. பொறியியல் என்று உறுதியாகிவிட்ட, மனப்பாடத்தில் திணறுகிற பிள்ளைக்குக் கணினி அறிவியல் சுமையைக் குறைக்கும். அந்தக் காரணத்துக்காக எடுத்தால் அது சரியான முடிவு.

ப்யூர் சயின்ஸை எடுப்பதற்கு முன் இரண்டு முறை யோசியுங்கள். கணிதம் போனால் பி.இ., பி.ஆர்க். இரண்டும் போய்விடும். பல கல்லூரிகளில் பி.எஸ்சி. இயற்பியலுக்கும் கணிதம் கேட்பார்கள்.

காமர்ஸ் பக்கமும் இதே கதை. வணிகவியல், கணக்குப்பதிவியல், பொருளியல் மூன்றும் பொது. நான்காவதாகக் கணினிப் பயன்பாடுகள் அல்லது வணிகக் கணிதம் மற்றும் புள்ளியியல் வரும். இரண்டும் கிடைத்தால் வணிகக் கணிதத்தை எடுங்கள். சி.ஏ.வின் முதல் கட்டத் தேர்வான ஃபவுண்டேஷனின் நான்கு தாள்களில் ஒன்று வணிகக் கணிதம், தர்க்கம், புள்ளியியல் மூன்றும் கலந்தது. நூற்றுக்கு 40 எடுக்காவிட்டால் மற்ற மூன்றில் எவ்வளவு வாங்கியிருந்தாலும் தேர்ச்சி இல்லை. பி.சி.ஏ.வுக்கும் சில பல்கலைக்கழகங்கள் கணிதமோ வணிகக் கணிதமோ கேட்கின்றன. டெல்லிப் பல்கலைக்கழகத்தில் பி.ஏ. ஆனர்ஸ் பொருளியல் படிக்க ஆசை என்றால் க்யூட் என்ற மத்தியப் பல்கலைக்கழகப் பொது நுழைவுத் தேர்வில் கணிதம் எழுதியே ஆக வேண்டும்.

படி 4: கட்-ஆஃபைப் போட்டுப் பாருங்கள்

பொறியியல் கட்-ஆஃப் 200க்கு. கணிதம் முழுதாக 100, இயற்பியல் பாதியாக 50, வேதியியல் பாதியாக 50. ஒருவர் கணிதம் 92, இயற்பியல் 84, வேதியியல் 88, உயிரியல் 98 எடுத்திருக்கிறார் என்று வையுங்கள். 92 + 42 + 44 = 178. அந்த 98 இதில் வரவில்லை. அதே மாணவர் கால்நடை மருத்துவத்துக்கு (பி.வி.எஸ்சி.) விண்ணப்பித்தால் உயிரியல் முழுதாக வரும்: 98 + 42 + 44 = 184. தமிழ்நாட்டின் மாநில இடங்களுக்கு இதில் நீட் கிடையாது.

இதிலிருந்து ஒன்று புரியும். பொறியியலுக்குக் கணிதத்தில் 10 மதிப்பெண் கூடினால் கட்-ஆஃப் 10 ஏறும், வேதியியலில் 10 கூடினால் 5தான் ஏறும். இரண்டு பேரின் கட்-ஆஃப் சமமானாலும் முதலில் கணித மதிப்பெண்ணைத்தான் பார்ப்பார்கள். மேலும், இயற்பியல், வேதியியலில் செய்முறைக்கு 20, அகமதிப்பீட்டுக்கு 10 போக எழுத்துத் தேர்வு 70க்கு. கணிதத்தில் 90ம் எழுத்துத் தேர்வில்தான். கணிதத்தில் ஐம்பதைத் தாண்டாத பிள்ளையைப் பொறியியலுக்காக இழுத்துச் செல்வது ஏன் ஆபத்து என்பது இந்தக் கணக்கிலேயே தெரியும்.

அரசு கலை அறிவியல் கல்லூரிகளில் கணக்கு வேறு. தமிழ் இலக்கியத்துக்குத் தமிழ் மதிப்பெண், ஆங்கில இலக்கியத்துக்கு ஆங்கில மதிப்பெண், மற்றவற்றுக்கு நான்கு பாடங்களின் 400.

படி 5: ஒரு வாரம் புத்தகத்தோடு உட்காரட்டும்

பத்தாம் வகுப்புக் கணித மதிப்பெண் பிளஸ் ஒன் கணிதத்துக்கு நம்பகமான அளவுகோல் அல்ல. பதினொன்றாம் வகுப்புப் புத்தகங்கள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. கணிதத்தில் முக்கோணவியல் பாடத்தை எடுத்து, எடுத்துக்காட்டுகளைப் பார்த்துவிட்டுப் பயிற்சிக் கணக்குகளைத் தானாகப் போடச் சொல்லுங்கள். விடை தவறுவது பெரிதல்ல. மூன்றாம் நாளும் புத்தகத்தைத் திறக்கிறார்களா என்று பாருங்கள். காமர்ஸ் யோசனையில் இருப்பவர்கள் கணக்குப்பதிவியலில் பற்று, வரவு விதிகள் வரும் பாடத்தைப் படிக்கட்டும்.

2025-26 முதல் மாநிலப் பாடத்திட்டத்தில் பிளஸ் ஒன் பொதுத்தேர்வு இல்லை. அதனால் பதினொன்றாம் வகுப்புப் பாடத்தை அவசரமாக முடித்துவிட்டுப் பிளஸ் டூவுக்குத் தாவும் பள்ளிகளிடம் கவனமாக இருங்கள். நீட்டும் ஜே.இ.இ.யும் இரண்டு ஆண்டுப் பாடத்திலிருந்தும் கேட்கின்றன.

படி 6: குரூப்புக்காகப் பள்ளி மாறும் முன்

அரசுப் பள்ளியில் கேட்ட குரூப் கிடைக்கவில்லை என்று தனியார் பள்ளிக்கு மாற்றுகிறவர்கள் கையெழுத்துப் போடும் முன் இதைப் படியுங்கள். மருத்துவம், பொறியியல், வேளாண்மை, கால்நடை, மீன்வளம், சட்டம் ஆகியவற்றில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கானது. கடைசி இரண்டு ஆண்டு தனியாருக்குப் போனால் முந்தைய ஐந்து ஆண்டும் கணக்கில் வராது. அரசு உதவி பெறும் பள்ளிக்குப் போனாலும் இந்த ஒதுக்கீடு போய்விடும். பக்கத்து ஊர் அரசுப் பள்ளியில் அந்த குரூப் இருக்கிறதா என்று முதலில் விசாரியுங்கள். தினமும் 10 கிலோமீட்டர் பஸ் பயணம் இந்த இழப்போடு ஒப்பிட்டால் சிறியது.

பயிற்று மொழியிலும் இதே மாதிரி ஒரு கண்ணி உண்டு. மாநில அரசுப் பணிகளில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கான 20 சதவீத முன்னுரிமைக்கு ஒன்றாம் வகுப்பிலிருந்தே தமிழ் வழியில் படித்திருக்க வேண்டும். பிளஸ் ஒன்னில் ஆங்கில வழிக்கு மாறினால், பிளஸ் டூவோ பட்டமோ தகுதியாகக் கேட்கும் பணிகளுக்கு அந்தச் சங்கிலி அறுந்துவிடும்.

பின்சேர்க்கை: தவறான குரூப்பில் ஏற்கெனவே சேர்ந்துவிட்டால்

பள்ளி திறந்த முதல் சில வாரங்களுக்குள் என்றால் தலைமையாசிரியரிடம் எழுத்து மூலம் கேளுங்கள். காலாண்டுத் தேர்வு தாண்டினால் மாற்றம் கிடைப்பது கடினம், விட்டுப்போன பாடத்தைப் பிடிப்பது அதைவிடக் கடினம். உயிரியல் எடுக்காமல் பிளஸ் டூ முடித்தவர்கள் அதைக் கூடுதல் பாடமாக எழுதி நீட்டுக்கு வர, தேசிய மருத்துவ ஆணையம் 2023 நவம்பரில் வழி திறந்தது. காமர்ஸ் படித்துவிட்டுக் கணினிப் பக்கம் வர நினைப்பவர்களுக்கு ஐ.ஐ.டி. மெட்ராஸின் இணையவழி பி.எஸ். தரவு அறிவியல் இருக்கிறது. பிளஸ் டூவில் எந்த குரூப்பும் சரி, பத்தாம் வகுப்பில் கணிதமும் ஆங்கிலமும் படித்திருந்தால் போதும். நான்கு வாரப் பாடத்தைப் படித்துத் தகுதித் தேர்வில் தேறினால் இடம் கிடைக்கும். ப்யூர் சயின்ஸ் எடுத்துவிட்டு இப்போது பொறியியல் வேண்டும் என்கிறவர்கள், பிளஸ் டூ முடித்து பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேர முடியுமா என்று பாருங்கள். டிப்ளமோ முடித்தால் பி.இ. இரண்டாம் ஆண்டுக்கு நேரடிச் சேர்க்கை உண்டு.