டி.எஸ்ஸையும் டட்லியையும் எப்படி ஒப்பிட்டு எழுதுவது

உயர்தர வகுப்புக்கு இருபத்தாறு வருடம் வரலாறு படிப்பித்தவள் நான். இலங்கையின் முதல் பிரதமர் டி.எஸ். சேனநாயக்கவையும், அவருக்குப் பின் பிரதமரான அவர் மகன் டட்லியையும் ஒப்பிடச் சொன்னால், பத்துப் பிள்ளைகளில் எட்டுப் பேர் "தந்தை உறுதியானவர், மகன் மென்மையானவர்" என்றுதான் தொடங்குவார்கள். அது பொய் இல்லை. ஆனால் அந்த வாக்கியத்துக்கு அப்புறம் எழுத எதுவும் கிடைக்காது. அதனால் குணத்தை ஓரமாக வைத்துவிட்டு, நான் வகுப்பில் சொல்லிக்கொடுத்த வழியில் வந்து பாருங்கள்.

கொப்பியின் நடுவே அடிமட்டம் வைத்துக் கோடு போட்டு, ஒரு பக்கம் அப்பா, மறுபக்கம் மகன் என்று பிரிக்கவே பிரிக்காதீர்கள். ஆண்டுகளை மேலிருந்து கீழாக ஒரே வரிசையில் எழுதுங்கள். 1931இல் டி.எஸ். விவசாய அமைச்சர். 1947இல் பிரதமர். 1952 மார்ச்சில் காலிமுகத்திடலில் குதிரையிலிருந்து விழுந்து, 22ஆம் தேதி மறைவு. அடுத்த சில நாட்களில் டட்லி பிரதமர். 1953 அக்டோபரில் பதவி விலகல். 1960இல் சில மாதங்கள் மீண்டும் பிரதமர். 1965 முதல் 1970 வரை முழுதாக ஒரு தவணை. இப்படி எழுதினால்தான் 1947க்கும் 1952க்கும் இடையில் டட்லி அப்பாவின் அமைச்சரவையிலேயே விவசாய அமைச்சராக இருந்தார் என்பது கண்ணில் படும். இருவரும் தனித்தனி ஆட்கள் அல்ல, ஐந்து வருடம் ஒரே மேசையில் இருந்தவர்கள். நடுவில் கோடு போட்டால் இது மறைந்துபோகும்.

பதவிக்கு வந்த விதத்தை இரண்டு வரியில் முடித்துவிடலாம். தந்தை பல ஆண்டு அமைச்சராக இருந்து படிப்படியாக ஏறியவர். மகனை, மூத்த அமைச்சர் சேர் ஜோன் கொத்தலாவல அந்தப் பதவிக்குக் காத்திருக்கும்போதே, ஆளுநர் நாயகம் சோல்பரி பிரபு அழைத்தார். ஆனால் டட்லி உடனே தேர்தலுக்குப் போய் 95 ஆசனங்களில் 54ஐ வென்றார் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். அதை விட்டுவிட்டால் அநியாயம்.

அடுத்து, இருவர் கையிலும் இருந்த ஒரே ஒரு பொருளை எடுத்துக்கொள்ளுங்கள். நான் எப்போதும் அரிசியைத்தான் எடுப்பேன். கூப்பன் அரிசி, அதாவது அரசு மானிய விலையில் கொடுத்த பங்கீட்டு அரிசி, ஒரு கொத்து (அரிசி அளக்கும் அளவு) 25 சதம். டி.எஸ். காலத்தில் இந்த மானியத்துக்குக் காசு இருந்தது. யுத்தத்தில் சேர்ந்த வெளிநாட்டுக் கையிருப்பு ஒரு பக்கம், 1950இல் கொரியப் போர் தொடங்கியதும் ஏறிய ரப்பர் விலை மறுபக்கம். டட்லி வந்து உட்கார்ந்தபோது ரப்பர் விலை இறங்கிக்கொண்டிருந்தது, உலகச் சந்தையில் அரிசி விலை ஏறியிருந்தது. 1952 முடிவில் சீனாவோடு ரப்பர் கொடுத்து அரிசி வாங்கும் ஒப்பந்தம் போட்டுப் பார்த்தார்கள். அது மட்டும் போதவில்லை. 1953 ஜூலையில் நிதியமைச்சர் ஜே.ஆர். ஜயவர்தன கொண்டுவந்த வரவு செலவுத் திட்டத்தோடு கொத்து 70 சதமானது. பாடசாலை மதிய உணவும் நின்றது. ஆகஸ்ட் 12 ஹர்த்தால். நாடு ஸ்தம்பித்தது, துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின, அமைச்சரவை துறைமுகத்தில் நின்ற பிரித்தானியப் போர்க்கப்பலில் கூடியது. இரண்டு மாதத்தில் டட்லி விலகினார்.

இந்த இடத்தில் "மகன் மென்மையானவர், அதனால் விலகினார்" என்று எழுதத் தோன்றும். கொஞ்சம் பொறுங்கள். 25 சதமா 70 சதமா என்று முடிவெடுக்க வேண்டிய நிலை தந்தைக்கு வரவேயில்லை. வராத சோதனையில் ஒருவருக்குப் புள்ளி போடக்கூடாது.

அரிசியை அங்கேயே விட்டுவிடாமல் 1966 வரை கொண்டுபோங்கள். அப்போது டட்லி கூப்பன் அரிசியை இரண்டு கொத்திலிருந்து பாதியாக்கி, அந்த ஒரு கொத்தை இலவசமாகக் கொடுத்தார். கூடவே நெல் விளைச்சலைக் கூட்டப் பாடுபட்டார், விளைச்சல் நன்றாகவே உயர்ந்தது. விவசாயத்தில் அவர் முழுக்க முழுக்க அப்பாவின் பிள்ளை. 1970 தேர்தலில் இரண்டு கொத்து தருவோம் என்றவர்களிடம் தோற்று, அவருடைய ஐக்கிய தேசியக் கட்சி (ஐ.தே.க.) 17 ஆசனத்தில் நின்றது. ஆனால் வாக்கு வீதத்தில், வென்ற சிறிமா பண்டாரநாயக்கவின் சுதந்திரக் கட்சியை விட ஐ.தே.க. சற்று முன்னால் இருந்தது. ஆகவே ஆசனக் கணக்கை மட்டும் பார்த்து மக்கள் கைவிட்டார்கள் என்று எழுதாதீர்கள்.

டி.எஸ்ஸின் விவசாயக் குடியேற்றத் திட்டங்களைப் பற்றி எழுதும்போது மின்னேரியா, கல்லோயா என்று பெயர் சொன்னால் போதாது. காணி யாருக்குக் கிடைத்தது என்று எழுதுங்கள். காணியில்லாத சிங்கள விவசாயிக்கு அது வாழ்வு. கிழக்கில் இருந்த தமிழருக்கு அது தங்கள் மண்ணில் தாங்கள் சிறுபான்மையாகும் பயம். இரண்டையும் எழுதாத விடைக்கு நான் முழுப் புள்ளி போட்டதில்லை.

கடைசியாக, தந்தை எடுத்த ஒரு முடிவு மகன் கையில் என்னவானது என்று பாருங்கள். நான் ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் பிறந்தவள். ஆகவே குடியுரிமையைத்தான் எடுப்பேன். 1948 குடியுரிமைச் சட்டத்தால், தோட்டங்களில் உழைத்த இந்திய வம்சாவளியினரான மலையகத் தமிழர் நாடற்றவர்களானார்கள், அடுத்த வருடம் வாக்கும் போனது. 1947இல் பாராளுமன்றம் போன எங்கள் கட்சியான இலங்கை இந்திய காங்கிரஸிலிருந்து 1952இல் ஒருவர்கூட இல்லை. டட்லி அந்த முதல் பெரிய வெற்றியைப் பெற்றது நாங்கள் வாக்களிக்காத தேர்தலில். இதைக் கட்டாயம் எழுதுங்கள்.

அப்புறம் 1965க்கு வாருங்கள். அதே டட்லி தமிழரசுக் கட்சித் தலைவர் செல்வநாயகத்தோடு ஒப்பந்தம் செய்தார், அந்தக் கட்சியையும் மலையகத் தொழிலாளர் தலைவர் தொண்டமானையும் சேர்த்துக்கொண்டு ஆட்சி அமைத்தார். தந்தை மூடிய கதவை மகன் தட்டிப் பார்த்தார் என்றே நான் நம்புகிறேன். ஆனால் ஒப்பந்தத்தில் சொன்ன மாவட்ட சபைகள் வரவில்லை, 1968இல் தமிழரசுக் கட்சி வெளியேறியது. குடியுரிமையில் அவர் 1948ஐத் திருத்தவில்லை. அப்போதைய பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் 1964இல் போட்ட ஒப்பந்தத்தை நடைமுறைப்படுத்த 1967இல் சட்டம் கொண்டுவந்தார். அந்த ஒப்பந்தப்படி 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேருக்கு இங்கே குடியுரிமை.

உங்கள் வரிசையில் 1948க்கும் 1967க்கும் நேரே பென்சிலால் ஒரு வளைவு போட்டு இணையுங்கள். என் கொப்பியில் அந்த வளைவுக்குள் என் அப்பாவின் தகரப் பெட்டியில் கிடந்த ஒரு கடிதத்தின் தேதியையும் எழுதி வைத்திருக்கிறேன். குடியுரிமை விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது என்று ஆங்கிலத்தில் நான்கு வரி. அப்பாவுக்கு ஆங்கிலம் வாசிக்கத் தெரியாது. பதினான்கு வயதில் நான்தான் வாசித்துக் காட்டினேன்.