சூடோஜீனும் புற்றுநோய் ஆயுளும்: ஆய்வு மாணவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோவை, ஈரோட்டுப் பக்கத்து ஆய்வு மாணவர்கள் என்னிடம் கொண்டுவருவது பெரும்பாலும் ஒரே மாதிரிப் படம்தான். டிசிஜிஏ என்ற, புற்றுநோய்க் கட்டிகளின் மரபணு விவரங்கள் அடங்கிய பொதுத் தரவிலிருந்து ஏதோ ஒரு சூடோஜீனை எடுத்து, அது அதிகம் வெளிப்படும் (அதாவது அதன் பிரதியான ஆர்என்ஏ அதிகம் உண்டாகும்) நோயாளிகள், குறைவாக வெளிப்படும் நோயாளிகள் என்று பிரித்து, காலம் போகப் போக எத்தனை பேர் உயிரோடு இருக்கிறார்கள் என்று வரைந்த இரண்டு ஆயுள் கோடுகள். கோடுகள் விலகி நின்றால், "இதுதான் கட்டியை வளர்க்குதுங்க சார்" என்பார்கள். அந்த முடிவுக்கு வருமுன் பார்க்க வேண்டியவை நிறைய.

சூடோஜீன் என்பது புரதம் செய்யும் திறனை இழந்துவிட்ட மரபணு நகல், போலி மரபணு. 1977-ல் ஒரு தவளையின் மரபணுக்களில் கண்டபோது வந்த பெயர் இது. மனிதருக்கு 14,000-க்கு மேல் இருக்கின்றன. புரதம் இல்லை என்பதால் வேலையும் இல்லை என்று நினைப்பது பழைய தவறு. 2010-ல் பி-டென் என்ற மரபணுவின் சூடோஜீனான பி-டென்-பி1 பற்றி வந்த ஆய்வு அதை உடைத்தது. பருத்திக் காட்டு வரப்போரம் ஆமணக்கு நடுவோமே, அது மாதிரி. அந்துப்பூச்சி ஆமணக்கு இலையில் முட்டை வைக்கும், பருத்தி தப்பிக்கும். பி-டென் கட்டியை அடக்கும் மரபணு. அதன் ஆர்என்ஏவைத் தாக்கி முடக்கும் மைக்ரோ ஆர்என்ஏ என்ற சின்ன ஆர்என்ஏக்களை, அதே சாயலில் இருக்கும் போலி நகலின் ஆர்என்ஏ தன் பக்கம் இழுத்துக்கொள்கிறது.

இந்தக் கதை அழகாக இருப்பதால் எல்லா சூடோஜீனுக்கும் ஒட்டவைக்கிறார்கள். பத்து ஏக்கர் பருத்திக்கு இரண்டு ஆமணக்குச் செடி என்ன செய்யும்? செல்லுக்குள் அந்த ஆர்என்ஏ எத்தனை பிரதி இருக்கிறது, மைக்ரோ ஆர்என்ஏ எத்தனை என்று எண்ணிப் பார்க்காமல் இதை எழுதக் கூடாது. காப்பாற்றப்படுவது பயிரா, களையா, அதாவது கட்டியை அடக்கும் மரபணுவா, வளர்க்கும் மரபணுவா என்பதும் முக்கியம். 2015-ல் எலிகளில், செல் பெருக்கத்தைத் தூண்டும் பிராஃப் மரபணுவின் சூடோஜீனை வெளிப்படுத்தியபோது நிணநீர்ப் புற்றுநோயே வந்தது. பி-டென்-பி1-இன் டிஎன்ஏவில் இருக்கும் எதிர் இழையிலிருந்து வரும் ஓர் ஆர்என்ஏ பி-டென்னை அடக்கவும் செய்கிறது. ஆகவே எந்த இழையை அளந்தோம் என்று தெரியாமல் திசை சொல்ல முடியாது.

அதற்கும் முன்னால் ஒரு கேள்வி: அளந்தது சூடோஜீனைத்தானா? மூல மரபணுவும் நகலும் ஏறக்குறைய ஒரே வரிசை. சின்னச் சின்ன வரிசைத் துண்டுகள் எதற்குச் சொந்தம் என்று மென்பொருள் தடுமாறும். குறிப்பிட்ட வரிசையைப் பல மடங்கு பெருக்கி அளக்கும் பிசிஆரில் இன்னொரு பள்ளம். ஆர்என்ஏ வழியாக உருவான நகல்களில் இன்ட்ரான் (ஆர்என்ஏவில் வெட்டி நீக்கப்படும் இடைத் துண்டு) கிடையாது, அதனால் மாதிரியில் டிஎன்ஏ கொஞ்சம் கலந்திருந்தாலும் அதே அளவில் பட்டை விழும். டிஎன்ஏவை வெட்டும் நொதியான டிஎன்ஏஸ் போட்டுக் கழுவுங்கள். ஆர்என்ஏவை டிஎன்ஏவாக மாற்றும் நொதியான ரிவர்ஸ் டிரான்ஸ்கிரிப்டேஸ் சேர்க்காத குழாய் ஒன்றைக் கட்டாயம் வையுங்கள். அந்தக் குழாயில் பட்டை வந்தால் மற்றதெல்லாம் செல்லாது.

அப்புறம் புள்ளியியல். 14,000 சூடோஜீனையும் சோதித்தால், எதற்கும் சம்பந்தமே இல்லாவிட்டாலும், 0.05 என்ற எல்லையில் (நூற்றுக்கு ஐந்து தற்செயலாகவே தேறும் எல்லை) சுமார் 700 'முக்கியம்' என்று வரும். கோடுகள் அதிகம் விலகும் இடமாகத் தேடிப் பிரிப்பது இன்னும் மோசம். அதிகம், குறைவு என்று பிரிக்கும் வெட்டும் புள்ளியை முன்பே எழுதிவைத்து, வேறொரு நோயாளிக் கூட்டத்தில் சோதிக்க வேண்டும். 2011-ல் ஓர் ஆய்வு, கண்ணை மூடிக்கொண்டு பொறுக்கிய மரபணுத் தொகுப்புகளே மார்பகப் புற்றுநோயில் ஆயுளோடு தொடர்பு காட்டியதைக் கண்டது. செல் பெருகும் வேகம் பல மரபணுக்களில் எதிரொலிப்பதுதான் காரணம். வயது, நோயின் நிலை, கட்டித் துண்டில் கலந்திருக்கும் நோய் எதிர்ப்புச் செல்கள் இவற்றையும் கணக்கில் சேர்த்த பிறகு தொடர்பு நிற்கிறதா என்று பாருங்கள். நின்றாலும் அது தொடர்பு மட்டுமே. காரணம் என்று சொல்ல, அந்த ஆர்என்ஏவை மட்டும் குறைத்தும் கூட்டியும் செல்லில் பார்த்தாக வேண்டும்.

ஒருமுறை ஒரு மாணவி, தன் பெரியம்மாவின் கட்டியில் இந்த ஆர்என்ஏ கூடுதலாக இருந்தால் எத்தனை வருசம் இருப்பார் என்று தயங்கித் தயங்கிக் கேட்டாள். அந்தக் கோடு நூற்றுக்கணக்கானவர்களின் கணக்கு, பெரியம்மாவைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது, வைத்தியம் பார்க்கும் டாக்டரிடம் நோயின் நிலையைக் கேளும்மா என்றேன்.