முடக்குவாத மருந்து எடுக்கும்போது ரத்தம் குறைந்தால்

கொழிஞ்சாம்பாறையில் வீட்டு முன்னறையில் தையல் மெஷின் போட்டுப் பிழைப்பவள் நான். முடக்குவாதத்துக்கு மெத்தோட்ரெக்சேட் எடுக்கிறேன். முட்டி வீக்கம் வடிந்த பிறகும் அசதி விடவில்லை என்று சொல்லும் பெண்கள் என்னிடம் ஜாக்கெட் தைக்க வருகிறார்கள். “அந்த நோய் வந்தா அப்படித்தான்” என்று வீட்டில் சொல்லிவிடுகிறார்களாம். நோயால் வரும் அசதி வேறு, இரும்புச்சத்து குறைந்து வரும் அசதி வேறு. ஒரே ஆளுக்கு இரண்டும் இருக்கலாம். இரும்புக் குறைவைச் சரிசெய்துவிட முடியும்.

இரும்பு குறைந்தால் படி ஏறும்போது மூச்சு வாங்கும், நெஞ்சு படபடக்கும், முடி கொட்டும். எனக்குக் காட்டிக்கொடுத்தது பச்சரிசி. பக்கத்தில் ஒரு டம்ளர் அரிசி இல்லாவிட்டால் தையல் ஓடாது. காஜா எடுக்கும்போதும் ஒரு கை அரிசிக்குள்தான் இருக்கும். அரிசி, சாம்பல், ஐஸ்கட்டி என்று எதையாவது மென்றுகொண்டே இருக்கத் தோன்றினால் வெட்கப்படாமல் டாக்டரிடம் சொல்லுங்கள். இரும்பு குறைந்தவர்களுக்கு வருகிற ஆசை அது.

ஹீமோகுளோபின் பெண்களுக்கு 12க்கும் ஆண்களுக்கு 13க்கும் கீழே இறங்கினால் ரத்தசோகை. அதை மட்டும் பார்த்துவிட்டு வந்துவிடாதீர்கள். ஃபெரிட்டின், டிரான்ஸ்ஃபெரின் சாச்சுரேஷன் (ரத்தத்தில் இரும்பைச் சுமக்கும் புரதம் எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்பது), சிஆர்பி (உடம்பில் அழற்சி, அதாவது நோயின் வீக்கம், எவ்வளவு என்பது) மூன்றையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். ஃபெரிட்டின் என்பது உடம்பின் இரும்பு இருப்பு. ஆனால் அழற்சி இருக்கும்போது இருப்பே இல்லாவிட்டாலும் அந்த எண் ஏறிவிடும். என் லேப் தாளில் 64 என்று நல்ல பிள்ளையாக நார்மலுக்குள் உட்கார்ந்திருந்தது. சிஆர்பி கூடியிருக்கும்போது ஃபெரிட்டின் 100க்குக் கீழேயும் சாச்சுரேஷன் 20 சதவீதத்துக்குக் கீழேயும் இருந்தால், பெரும்பாலும் இரும்புக் குறைவு என்றே எடுத்துக்கொள்வார்கள். அழற்சி நேரத்தில் கல்லீரல் ஹெப்சிடின் என்ற ஹார்மோனை அதிகம் சுரக்கிறது. அது குடலிலிருந்து இரும்பு ரத்தத்துக்குள் போகும் வழியை அடைக்கிறது. முருங்கைக்கீரையை நாள் தவறாமல் தின்றும் ரத்தம் ஊறவில்லை என்று புலம்புகிறவர்களுக்கு இதுவும் ஒரு காரணம். ஆகவே வாத மருந்தை விடாமல் எடுப்பது இரும்புக்கும் சேர்த்துத்தான்.

பரிசோதனை இல்லாமல் சத்து மாத்திரை வாங்கி விழுங்காதீர்கள். தலசீமியா போன்ற பரம்பரை ரத்தக் கோளாறு உள்ளவர்களுக்கு இரும்பு தேவையில்லாமல் உடம்பில் சேரும். ரத்தம் எங்கே போகிறது என்பதையும் பாருங்கள். மாதவிலக்கு அதிகமா? வலி தாங்காமல் மெடிக்கலில் டைக்ளோஃபினாக் கேட்டு வாங்குகிறீர்களா? அது ஸ்டீராய்டோடு சேர்ந்தால் வயிற்றில் புண்ணாகி, வெளியே தெரியாமலே ரத்தம் கசியலாம்.

இனி மாத்திரைக்கு வருவோம். எங்கள் பக்கம் எழுந்ததும் சாயா, பதினோரு மணிக்குச் சாயா, சோறு தின்ற கையோடு கட்டன் சாயா. இரும்புக்கு இதைவிடப் பெரிய எதிரி கிடையாது. தேயிலையின் துவர்ப்பு இரும்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும், பாலும் கால்சியம் மாத்திரையும் தடுக்கும். நான் விடிந்ததும் வெறும் வயிற்றில் பச்சைத் தண்ணீரில் மாத்திரையை விழுங்கி, ஒரு துண்டு நெல்லிக்காய் கடித்துக்கொள்கிறேன். சாயா ஒரு மணி நேரம் கழித்துத்தான். அந்த ஒரு மணி நேரம் இருக்கிறதே, மாத்திரையின் குமட்டலைவிட அதுதான் கஷ்டம்! கருங்காலி போட்டுக் காய்ச்சிய தண்ணீரும் துவர்ப்புதான், மாத்திரைக்கு வேண்டாம். தைராய்டு மாத்திரை எடுப்பவர்கள் நான்கு மணி நேரம் இடைவெளி விட வேண்டும். கேஸ் மாத்திரையும் இரும்பு சேர்வதைக் குறைக்கும், அதையும் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். வயிறு ஒத்துக்கொள்ளவில்லை என்றால் ஒரு நாள் விட்டு ஒரு நாள் எடுக்கலாமா என்று கேளுங்கள். அப்படி எடுத்தால் உடம்பு இன்னும் நன்றாகவே ஈர்க்கிறது என்று ஆய்வுகளில் தெரிந்திருக்கிறது. ஹீமோகுளோபின் ஏறிய பிறகும் இருப்பு நிரம்ப மூன்று மாதம் போலத் தொடரச் சொல்வார்கள்.

மெத்தோட்ரெக்சேட் வாரத்தில் ஒரே நாள் எடுப்பது. அதை இரும்பு மாத்திரை டப்பாவில் போட்டு வைக்காதீர்கள். தினமும் விழுங்கினால் உயிருக்கே ஆபத்து.

இரும்பு ஏறும்வரை வேலையைப் பிரித்துக்கொள்ள வேண்டும். காலையில் விரல் மடங்காத நேரத்தில் நான் கத்தரி பிடிப்பதில்லை. துணி வெட்டுவது பத்து மணிக்கு மேல், மதியம் உட்கார்ந்து ஹெம்மிங், ஓவர்லாக் நாளை மறுநாள். களைத்துப் போன பிறகு படுத்தால் எழுந்திருக்க மனசு வராது. அதனால் அதற்கு முன்பே கொஞ்சம் சாய்ந்துவிடுகிறேன். சாயங்காலம் தென்னந்தோப்பு வரப்பில் மெதுவாக ஒரு நடை. அசதியில் நடப்பதா என்று மாமியார் கேட்பார்கள். ஆனால் முடக்குவாத அசதிக்கு, தாங்கும் அளவில் உடம்பை அசைப்பது நல்லதுதான்.

இரும்பு மாத்திரையால் மலம் கருப்பாகப் போனால் பயம் வேண்டாம். தார் போல ஒட்டி, கெட்ட நாற்றம் அடித்தால், உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினால், அல்லது மெத்தோட்ரெக்சேட் எடுக்கையில் காய்ச்சலோடு வாய்ப்புண் வந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

நாலைந்து வாரத்தில் ஹீமோகுளோபின் அசையவில்லை என்றால் ரத்தக்குழாய் வழியாக ஊசியில் இரும்பு ஏற்றுவதைப் பற்றிக் கேளுங்கள். ஏற்றும்போது ஊசி குத்திய இடம் எரிந்தாலோ வீங்கினாலோ உடனே நர்ஸைக் கூப்பிடுங்கள். மருந்து தோலுக்கடியில் கசிந்தால் பழுப்புக் கறை தங்கிவிடும். முடிந்த பிறகும் அரை மணி நேரம் உட்கார வைப்பார்கள், வேலந்தாவளம் பஸ் போய்விடும் என்று பாதியில் எழுந்து வந்துவிடாதீர்கள்.