முடிச்சைக் காட்டு: நண்பர்களோடு பாறையேறப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மதுரைக்காரர்களுக்குப் பாறைக்குப் பஞ்சமில்லை. ஒத்தக்கடையில் பஸ்ஸை விட்டு இறங்கினால் யானைமலை படுத்திருக்கிறது. மேற்கே நாகமலை, கீழக்குயில்குடியில் சமணர் மலை, மேலூர்ப் பக்கம் கீழவளவு, அரிட்டாபட்டி. சனிக்கிழமை இரவு பத்து மணிக்கு வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் “நாளைக் காலை ஆறு மணி, மலை” என்று போடுவார். ஐந்து பேர் கட்டைவிரலைத் தூக்குவார்கள். யார் கயிறு கொண்டுவருகிறார், அது எந்தக் கயிறு, யாருக்குக் கீழிருந்து கயிறு பிடிக்கத் தெரியும், யார் சொன்னால் எல்லோரும் திரும்ப வேண்டும் என்று ஒருவரும் கேட்க மாட்டார்கள். பெரும்பாலான தவறுகள் அந்தக் கட்டைவிரலிலேயே தொடங்கிவிடுகின்றன.

பயிற்சியாளரோடு போனால் அவர் அதட்டுவார், நாம் கேட்போம். நண்பர்களோடு போகும்போது அதட்ட ஆளில்லை, கூச்சம்தான் இருக்கிறது. பள்ளிக்கூடத்திலிருந்து பழகியவன் கட்டிய முடிச்சை இழுத்துப் பார்த்தால் அவனைச் சந்தேகப்பட்டதாக ஆகிவிடுமாம். “எனக்குப் பயமாக இருக்கிறது, நான் ஏறவில்லை” என்று சொன்னால் ஆறு மாதத்துக்குக் கிண்டல் ஓயாதாம். பாறையில் நாங்கள் பட்ட பாடுகளை எண்ணிப் பார்த்தால் பாதிக்கு மேல் இந்தக் கூச்சத்தால் வந்தவை.

முடிச்சிலிருந்தே தொடங்குகிறேன். 1989ஆம் ஆண்டு பிரான்ஸ் நாட்டின் புயூ என்ற பாறைப் பகுதியில் அமெரிக்க வீராங்கனை லின் ஹில் 20 மீட்டருக்கும் மேலான உயரத்திலிருந்து விழுந்தார். உலகின் முன்னணி வீரர்களில் ஒருவர் அவர். கயிற்றை இடுப்புப் பட்டைக்குள் நுழைத்தவர், பேச்சுவாக்கில் முடிச்சை முடிக்காமல் விட்டுவிட்டார். மேலே சட்டை மறைத்திருந்ததால் யார் கண்ணிலும் அது படவில்லை. மரக்கிளைகள் தடுத்ததால் உயிர் பிழைத்தார். அவருக்கே நடந்தது என்றால் வாரம் முழுவதும் கணினி முன்னால் உட்கார்ந்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை பாறைக்குப் போகிற நமக்கு நடக்க எவ்வளவு நேரமாகும்? எங்கள் குழுவில் இப்போது ஒரு வழக்கம் உண்டு. ஏறுபவர் பாறையில் கை வைக்கும் முன் “முடிச்சைக் காட்டு” என்று கயிறு பிடிப்பவர் கேட்பார். “பூட்டைக் காட்டு” என்று ஏறுபவர் திருப்பிக் கேட்பார். எட்டு வடிவ முடிச்சு இரட்டையாக ஓடியிருக்கிறதா, வால் போதுமான நீளம் விட்டிருக்கிறதா, இடுப்புப் பட்டையின் பக்கிள் இறுகியிருக்கிறதா, கயிற்றைப் பூட்டும் உலோக வளையமான கேரபினரின் திருகு மூடியிருக்கிறதா என்று கண்ணால் மட்டுமல்ல, கையால் தொட்டுப் பார்க்க வேண்டும். முடிச்சுப் போடும்போது யாரும் பேச்சுக் கொடுக்கக் கூடாது. அரட்டைக்கு இட்லிக் கடை இருக்கிறது.

அடுத்தது கயிறு. முதல் முறை போனபோது எங்கள் கையிலிருந்தது ஹார்டுவேர் கடையில் எடைக்கு வாங்கிய கயிறு, லாரியில் பாரம் கட்டுவது. “மூட்டையைத் தாங்குகிறது, உன்னைத் தாங்காதா?” என்று வாங்கியவர் கேட்டார். கேள்வியே தப்பு. மூட்டை சும்மா தொங்கும், மனிதன் விழுவான். ஏறுவதற்கென்று செய்த கயிறு, விழுபவரின் வேகத்தைத் தன் நீட்சியால் வாங்கிக்கொள்கிறது. தரச் சோதனையில் முதல் விழுகையின்போது 40 சதவீதம் வரை நீள அனுமதி உண்டு. நீளாத கயிற்றில் விழுந்தால், கயிறு அறாவிட்டாலும் அந்த அதிர்ச்சி முழுவதையும் இடுப்பும் முதுகெலும்பும் வாங்கிக்கொள்ள வேண்டியதுதான். பாரம் கட்டும் பிளாஸ்டிக் கயிற்றுக்கு இன்னொரு குணம் உண்டு. உராய்ந்தால் உருகும். நல்ல கயிறிலும் இரண்டு வகை இருக்கிறது என்பதால் குழப்பம் வரும். இறங்குவதற்கும் மீட்புப் பணிக்கும் விற்கிற நீளாக் கயிறு ஏறுபவர் கீழிருந்து எடுத்துப் போவதற்கு ஆகாது. யாரோ விற்ற பழைய கயிறும் வேண்டாம். அதன்மேல் ஆசிட் பட்டதா, எத்தனை முறை ஆள் விழுந்தது என்று பார்த்துச் சொல்ல யாராலும் முடியாது.

ஹெல்மெட்டிலும் இதே சிக்கனம். பைக்கில் வந்த ஹெல்மெட்டோடு அப்படியே பாறையடியில் நிற்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அது காதை மூடும். அண்ணாந்து பார்க்கவும் விடாது. மேலிருந்து “கல்!” என்று கத்தினால் கேட்க வேண்டிய ஆளுக்கே கேட்காது.

கத்துவது என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. ஆங்கிலப் பயிற்சி நூல்களில் இது இருக்காது, ஏனென்றால் இது நம் மொழியின் சிக்கல். “விடு” என்றால் கயிற்றைத் தளர்த்து. “விடாதே” என்றால் இறுக்கிப் பிடி. காற்றடிக்கும்போது 25 மீட்டர் உயரத்திலிருந்து வரும் சொல்லின் வால் காற்றோடு போய்விடும். கீழே நிற்பவர் காதில் விழுவது “விடு” மட்டும்தான். “இறக்கு” என்பதும் “இறங்குகிறேன்” என்பதும் அப்படியே. முதல் சொல்லுக்கு, என் முழு எடையையும் உன் கயிற்றில் விடப்போகிறேன் என்று பொருள். இரண்டாவதற்கு நானே கை கால் வைத்து வருகிறேன் என்று பொருள். ஏறும் முன்பே ஒன்றோடொன்று ஒட்டாத இரண்டு மூன்று சொற்களைப் பேசி முடிவு செய்யுங்கள். “தளர்த்து”, “இறுக்கு”, “கல்” போதும். ஒவ்வொரு முறையும் பெயரைச் சொல்லிவிட்டுச் சொல்லுங்கள். பக்கத்துக் கயிற்றிலும் ஒரு முத்து இருக்கக்கூடும்.

இனி வெயில். ஆறு மணி என்றால் நமக்கு ஆறு மணி இல்லை. ஒருவரை எழுப்பி, இன்னொருவருக்குப் பெட்ரோல் போட்டு, டீ குடித்து, இட்லி தின்று மலையடிக்குப் போகும்போது ஒன்பது. அப்படி ஒருநாள் நாங்கள் கயிறே இல்லாமல் ஒரு சரிவில் நடந்தே ஏறினோம். ஏறும்போது பாறை உப்புத்தாள்போல் காலைப் பிடித்தது. பதினொன்றரைக்கு இறங்கத் தொடங்கினால் பாறை தோசைக்கல். உள்ளங்கை வியர்த்து வழுக்கியது. ஷூவின் ரப்பர் இளகியது. ஏறும்போது கண்முன்னே தெரிந்த பிடிகள் இறங்கும்போது காலுக்கடியில் ஒளிந்துகொண்டன. பூனை மரமேறிய கதைதான். ஒரு நண்பர் பாதிச் சரிவில் உட்கார்ந்துவிட்டார். கையிலிருந்த தண்ணீர் ஐந்து பேருக்கு இரண்டு பாட்டில். நிழல் அந்தப் பக்கம் திரும்பும் வரை மூன்று மணி நேரம் அவரோடு அங்கேயே இருந்தோம். அவர் ஏறும்போதே “இதற்கு மேல் வேண்டாமே” என்று ஒருமுறை மெதுவாகச் சொன்னார். நாங்கள் சிரித்தோம்.

டிசம்பர் முதல் பிப்ரவரி வரைதான் இங்கே பாறைக்கு உகந்த காலம். அப்போதும் காலையில் மேற்குப் பார்த்த முகத்தையும், மாலையில் கிழக்குப் பார்த்த முகத்தையும் தேர்ந்தெடுத்தால் நிழல் கிடைக்கும். ஏப்ரல், மே மாதங்களில் போகிறவர்களுக்குச் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை. ஜிகர்தண்டா குடித்துவிட்டு வீட்டில் இருக்கலாம்.

பாறையையும் நம்பிவிடக் கூடாது. நம் பக்கத்துப் பாறை வெயிலிலும் மழையிலும் வெங்காயத் தோல்போல் உரியும் இயல்புடையது. பெரிய பிடி என்று தொங்கிய பலகை அப்படியே பெயர்ந்து வரலாம். தேங்காய் வாங்கும்போது தட்டிப் பார்ப்பதுபோல் விரல் முட்டியால் தட்டுங்கள். உள்ளே பொள்ளல் என்றால் சத்தமே சொல்லிவிடும். சரிவில் கறுப்பாக இறங்கும் கோடுகள் மழைநீர் ஓடிய தடங்கள். காய்ந்திருக்கும்போது கால் பிடிக்கும், ஒரு தூறல் விழுந்தால் அந்தப் பாசி எண்ணெய்தான்.

கறுப்பாக, அரைவட்டமாகக் குடைவின் கீழ் தொங்குவது ஏதாவது தெரிந்தால் அது மலைத்தேனீயின் அடை. தரையில் என்றால் ஓடலாம். கயிற்றில் தொங்குபவர் எங்கே ஓடுவார்? ஆகவே ஏறும் முன் முழு முகத்தையும் கீழிருந்து நிதானமாகப் பாருங்கள். அடை இருந்தால் வேறு பாறைக்குப் போங்கள். புகை போட்டுக் கலைக்கிற வீரம் வேண்டாம்.

கயிற்றில் இறங்குவதுதான் ஜாலி என்று நினைப்பவர்கள் அதிகம். கவனம் சிதறுவதும் அங்கேதான். 2019 நவம்பரில் மெக்சிகோவில் பிராட் கோப்ரைட் என்ற தேர்ந்த அமெரிக்க வீரர் இறங்கும்போது இறந்தார். இரு பக்கமும் தொங்கிய கயிறு சம நீளத்தில் இல்லை, முனையிலும் முடிச்சுப் போடவில்லை. ஒரு பக்கம் கயிறு தீர்ந்தது. இரண்டு முனையிலும் ஒரு முடிச்சுப் போட அரை நிமிடம் ஆகாது.

எந்தப் பாறையில் ஏறுவது என்பதிலும் நாம் தவறுகிறோம். இங்குள்ள மலைகள் வெறும் கல் அல்ல. யானைமலை அடிவாரத்து நரசிங்கம் குடைவரையில் கி.பி. 770ஆம் ஆண்டுக் கல்வெட்டு இருக்கிறது. மாங்குளத்திலும் கீழவளவிலும் சமணர் படுக்கைகளுக்கு மேலே இரண்டாயிரம் ஆண்டுப் பழமையுள்ள தமிழி (தமிழ் பிராமி) எழுத்துக் கல்வெட்டுகள் உள்ளன. இப்படிப்பட்ட இடத்தில் ஆணி அடிப்பது, கை வழுக்காமலிருக்கத் தடவும் வெள்ளைப் பொடியை அப்புவது, பெயர் எழுதுவது எதற்கும் சாக்கு கிடையாது. பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சேதப்படுத்தினால் இரண்டு ஆண்டு வரை சிறை அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கச் சட்டம் இருக்கிறது. அரிட்டாபட்டியை 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்தார்கள். லகர் வல்லூறு, ஷாஹீன் வல்லூறு, போனெல்லிக் கழுகு போன்றவை வாழும் இடம் அது. அவை குஞ்சு பொரிப்பதும் நமக்கு ஏறத் தோதான அதே குளிர்மாதங்களில்தான். அந்தப் பாறைகளை அவற்றுக்கே விட்டுவிடலாம் என்பது என் கட்சி. மற்ற இடங்களிலும் முதலில் ஊருக்குள் போய்க் கேளுங்கள். வனத்துறை எல்லையா, எந்தப் பக்கம் கருப்பசாமி இருக்கிறார், எங்கே செருப்பைக் கழற்ற வேண்டும் என்பதெல்லாம் ஆடு மேய்க்கிறவருக்குத் தெரிந்த அளவு கூகுளுக்குத் தெரியாது. பாம்பு எந்தப் பொந்தில் என்பதும்தான்.

கடைசியாக, யாராவது விழுந்துவிட்டால் செய்யும் தவறு. பதற்றத்தில் அவரைத் தூக்கி, இரண்டு பேருக்கு நடுவே பைக்கில் உட்காரவைத்து ஆஸ்பத்திரிக்கு விரைகிறார்கள். முதுகெலும்பில் அடிபட்டிருந்தால் அந்தப் பயணமே அவரை முடமாக்கிவிடும். மூச்சு இருக்கிறதா என்று பாருங்கள், ரத்தம் வந்தால் அழுத்திப் பிடியுங்கள், கழுத்தை அசைக்காதீர்கள், 108க்கு அழையுங்கள். கயிற்றில் மயங்கித் தொங்கினால் மட்டும் தாமதிக்காமல் கீழே இறக்க வேண்டும். இடுப்புப் பட்டையில் அசைவின்றித் தொங்குவதே உயிருக்கு ஆபத்து. “யானைமலை” என்று மட்டும் சொன்னால் ஆம்புலன்ஸ் ஓட்டுநர் எங்கே வருவார்? மலை சில கிலோமீட்டர் நீளம். எந்தக் கோயிலுக்குப் பின்னால், எந்தக் கண்மாய்க் கரை என்று சொல்லிவிட்டு, ஒருவர் தார்ச்சாலைக்கு ஓடிப்போய்ச் சட்டையை ஆட்டிக்கொண்டு நிற்க வேண்டும். அந்த ஒருவர் யார் என்பதை டீக்கடையிலேயே பேசிவிடுங்கள்.