ஸ்ப்ளங்கில் ஆர்குமென்ட் ஏற்கும் தேடல் மேக்ரோ: தொடக்கநிலையாளர்களுக்கான செய்முறை

கணினிப் பதிவுகளைத் தேடி ஆராய உதவும் மென்பொருளான ஸ்ப்ளங்கில் சில வாரங்கள் வேலை செய்தவர் பலரிடமும் ஒரு குறிப்புக் கோப்பு இருக்கும். அடிக்கடி தேவைப்படும் தேடல்களை அதில் சேமித்து வைத்து, வேண்டும்போது நகலெடுத்து ஒட்டி, ஓரிரண்டு இடங்களை மட்டும் திருத்தி ஓட்டுவார்கள். அந்தக் கோப்பின் வேலையை ஸ்ப்ளங்கே செய்துதரும் வசதிதான் தேடல் மேக்ரோ. ஒவ்வொரு முறையும் மாறுகிற அந்த ஓரிரண்டு இடங்களை நிரப்பத் தரப்படும் மதிப்புகளை ஆர்குமென்ட் என்கிறோம்.

கட்டளைகளையும் புலப்பெயர்களையும் (பதிவில் உள்ள ஒவ்வொரு தகவல் கூறின் பெயரையும்) இங்கே தமிழ் எழுத்தில் ஒலிபெயர்த்துத் தந்திருக்கிறேன். திரையில் தட்டச்சிடும்போது அவற்றை ஆங்கிலச் சிற்றெழுத்துகளில் இட வேண்டும். குறிகளை உள்ளபடியே இட வேண்டும்.

தொடங்கும் முன் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். மேக்ரோ என்பது நிரல்மொழிகளில் வரும் ஃபங்ஷன் அன்று. அது வெறும் எழுத்துப் பதிலீடு. தேடல் ஓடத் தொடங்குவதற்கு முன்பே, மேக்ரோவின் பெயர் இருந்த இடத்தில் அதன் வரையறை எழுத்துக்கு எழுத்து வந்து அமர்ந்துவிடும். பின்னால் வரும் சிக்கல்களில் பெரும்பாலானவை இந்த ஒரு செய்தியை மறப்பதால் விளைபவை.

மேக்ரோ இல்லாமல் முதலில் எழுதுங்கள்

நேரடியாக மேக்ரோ எழுத உட்காராதீர்கள். சாதாரணத் தேடலாக எழுதி, சரியான விடை வருகிறதா என்று பார்த்த பிறகே அதை மேக்ரோவாக மாற்ற வேண்டும். அப்பாச்சி வலைச்சேவையகத்தின் பதிவுகளை வைத்து ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். கையில் பதிவுகள் இல்லாதவர்கள், ஸ்ப்ளங்க் தன் பயிற்சிப் பாடத்துடன் தரும் மாதிரித் தரவை ஏற்றிக்கொள்ளலாம்; நாளொன்றுக்கு 500 மெகாபைட் வரை அனுமதிக்கும் இலவச உரிமமே இதற்குப் போதும்.

இண்டெக்ஸ்=மெயின் சோர்ஸ்டைப்=ஆக்சஸ்_* ஸ்டேட்டஸ்>=500 | ஸ்டாட்ஸ் கவுண்ட் பை கிளையன்ட்ஐபி | சோர்ட் -கவுண்ட்

சேவையகம் 500 அல்லது அதற்கு மேற்பட்ட பிழைக்குறியீட்டைத் திருப்பியனுப்பிய கோரிக்கைகளை ஐபி முகவரிவாரியாக எண்ணி, அதிகம் வந்ததை மேலே வைத்துக் காட்டும் தேடல் இது. நாளை 400 முதல் பார்க்கத் தோன்றலாம்; முகவரிக்குப் பதிலாக, யூஆர்ஐ_பாத் என்ற புலத்தைக் கொண்டு பக்கவாரியாக எண்ணத் தோன்றலாம். ஆக, மாறுபவை இரண்டு இடங்கள், ஆர்குமென்ட்களும் இரண்டு.

மேக்ரோவை உருவாக்குதல்

மேல்பட்டையில் உள்ள செட்டிங்ஸ் பட்டியலைத் திறந்து, அட்வான்ஸ்டு சர்ச் என்பதைத் தேர்ந்து, அங்கே சர்ச் மேக்ரோஸ் என்ற வரியில் புதிதாகச் சேர்க்கும் இணைப்பை அழுத்துங்கள். எந்தச் செயலியில் மேக்ரோ இருக்க வேண்டும் என்று முதல் கட்டம் கேட்கும். தேடல் செயலியையே விட்டுவைக்கலாம்.

பெயர்க் கட்டத்தில்தான் புதியவர்கள் அதிகம் இடறுகிறார்கள். வெப்_எர்ரர் என்று மட்டும் எழுதினால் போதாது. எத்தனை ஆர்குமென்ட் என்பதையும் அடைப்புக்குறிக்குள் சேர்த்து, வெப்_எர்ரர்(2) என்று எழுத வேண்டும். அந்த எண் பெயரின் ஒரு பகுதி. வெப்_எர்ரர், வெப்_எர்ரர்(1), வெப்_எர்ரர்(2) ஆகிய மூன்றும் ஸ்ப்ளங்கின் கணக்கில் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத மூன்று மேக்ரோக்கள்.

வரையறைக் கட்டத்தில் மேலே சோதித்த தேடலை ஒட்டி, மாறும் இடங்களில் ஆர்குமென்டின் பெயரை இரண்டு டாலர் குறிகளுக்கு நடுவே வையுங்கள்:

இண்டெக்ஸ்=மெயின் சோர்ஸ்டைப்=ஆக்சஸ்_* ஸ்டேட்டஸ்>=$கோட்$ | ஸ்டாட்ஸ் கவுண்ட் பை $ஃபீல்டு$ | சோர்ட் -கவுண்ட்

அடுத்து வரும் ஈவல் தேர்வுப்பெட்டியைத் தொட வேண்டாம். அதைத் தேர்ந்தால், வரையறையை ஒரு ஈவல் கோவையாக, அதாவது கணக்கிட வேண்டிய கோவையாகக் கணித்து, அதிலிருந்து கிடைக்கும் சரத்தையே (எழுத்துத் தொடரையே) தேடலில் வைக்கும் ஸ்ப்ளங்க். நமக்கு இப்போது அது தேவையில்லை. ஆர்குமென்ட் கட்டத்தில் டாலர் குறி இல்லாமல், காற்புள்ளியால் பிரித்து, கோட்,ஃபீல்டு என்று எழுதிச் சேமியுங்கள்.

அழைத்தல்

மேக்ரோவை அழைக்கும்போது இருபுறமும் பேக்டிக் குறி வர வேண்டும்:

`வெப்_எர்ரர்(400,யூஆர்ஐ_பாத்)` | ஹெட் 10

இது ஒற்றை மேற்கோள்குறி அன்று. வழக்கமான ஆங்கில விசைப்பலகையில் எண் 1-க்கு இடப்பக்கம், அலைக்குறி இருக்கும் அதே விசையில் இருப்பது. அரட்டைச் செயலியிலிருந்தோ சொற்செயலியிலிருந்தோ நகலெடுத்து ஒட்டினால் இந்தக் குறி வளைந்த மேற்கோளாக மாறிவிடுவதுண்டு. கண்ணுக்கு எளிதில் புலப்படாது. இரட்டை மேற்கோள்களுக்கு உள்ளே மேக்ரோவை வைத்தால் அது விரிவடையாது என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

தேடலை ஓட்டும் முன் கன்ட்ரோல், ஷிஃப்ட், ஈ ஆகிய மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்துங்கள். மேக் கணினியில் கன்ட்ரோலுக்குப் பதில் கமாண்ட். மேக்ரோ விரிந்தபின் தேடல் எப்படி இருக்கும் என்பது ஒரு தனிச் சாளரத்தில் தெரியும். இந்த ஒரு குறுக்குவழியைப் பழகிக்கொண்டவர் மேக்ரோ பிழைகளைத் தேடி அலைய மாட்டார் என்பது என் அனுபவம்.

மேக்ரோவைக் காணவில்லை என்ற பிழைச்செய்தி வந்தால், காரணம் பெரும்பாலும் மூன்றில் ஒன்று: பெயரில் எழுத்துப்பிழை, ஆர்குமென்ட்களின் எண்ணிக்கை பொருந்தாமை, அனுமதி இன்மை. புதிய மேக்ரோ உருவாக்கியவருக்கு மட்டுமே உரியதாக இருக்கும். பட்டியலில் அதன் எதிரே உள்ள பெர்மிஷன்ஸ் இணைப்பில் சென்று, அந்தச் செயலிக்குள் பகிர்வதா எல்லாச் செயலிகளுக்கும் பகிர்வதா என்று முடிவு செய்ய வேண்டும்.

சத்தமில்லாத பிழைகள்

பிழைச்செய்தி வருவது நல்லது. வராமல் போவதே ஆபத்து. மதிப்புகளை இடம் மாற்றி, `வெப்_எர்ரர்(யூஆர்ஐ_பாத்,400)` என்று அழைத்துப் பாருங்கள். ஆர்குமென்ட்கள் வரிசைப்படியே பொருந்துவதால் தேடல் ஒழுங்காக ஓடி முடியும். முடிவுகள் மட்டும் பூச்சியமாக இருக்கும். பிழையே நேரவில்லை என்று நம்பி ஒருவர் நிம்மதியாகத் தூங்கப் போய்விடலாம்.

இதற்காகவே வேலிடேஷன் கட்டம் இருக்கிறது. அதில் இஸ்நம்($கோட்$) என்று எழுதுங்கள். அதற்குக் கீழே உள்ள கட்டத்தில், முதல் மதிப்பு எண்ணாக இருக்க வேண்டும் என்று உங்கள் சொற்களில் ஒரு செய்தியை எழுதுங்கள். இனி வரிசை மாறினால் தேடல் ஓடாது. உங்கள் செய்தி திரையில் வரும்.

இன்னொரு பிழை கணக்கில் ஒளிந்திருக்கும். பைட்டைக் கிலோபைட்டாக்க, $மதிப்பு$/1024 என்ற வரையறையுடன் கேபி(1) என்று ஒரு மேக்ரோ செய்ததாக வைத்துக்கொள்வோம். அதை ஒரு ஈவல் கட்டளைக்குள் `கேபி(பைட்ஸ்_இன்+பைட்ஸ்_அவுட்)` என்று அழைத்தால், விரிவது பைட்ஸ்_இன்+பைட்ஸ்_அவுட்/1024. முதல் புலம் 2048, இரண்டாவது 1024 என்றால் 3 வர வேண்டிய இடத்தில் 2049 வரும், ஏனெனில் வகுத்தல் இரண்டாவது புலத்துக்கு மட்டுமே பொருந்தியது. வரையறையை ($மதிப்பு$)/1024 என்று அடைப்புக்குறியுடன் எழுதியிருந்தால் இது நேர்ந்திராது. எழுத்துப் பதிலீடு என்று முதலில் சொன்னதன் பொருள் இதுவே.

மதிப்புக்குள் காற்புள்ளி இருந்தால் அதை இரட்டை மேற்கோளுக்குள் தர வேண்டும். இல்லையேல் ஒரு மதிப்பு இரண்டாக எண்ணப்படும். டிஸ்டாட்ஸ் போன்ற, தேடலைத் தொடங்கிவைக்கும் கட்டளையோடு வரையறை ஆரம்பித்தால், பைப் குறியை (|) வரையறைக்குள் வைக்காமல், அழைக்கும் இடத்தில் பேக்டிக்குக்கு முன்னால் வையுங்கள்.

விடுபட்ட மதிப்புக்கு இயல்பு மதிப்பு

ஓர் ஆர்குமென்டைத் தராமல் விட்டால் இதை எடுத்துக்கொள் என்று சொல்வதற்கு உருவாக்கும் படிவத்தில் கட்டம் ஏதும் இல்லை. ஆனால் எண்ணிக்கை பெயரின் பகுதி என்பதால் அதையே நமக்குச் சாதகமாக்கிக்கொள்ளலாம். வெப்_எர்ரர்(1) என்று இன்னொரு மேக்ரோவை உருவாக்கி, ஆர்குமென்ட் கட்டத்தில் கோட் என்று மட்டும் எழுதி, வரையறையில் `வெப்_எர்ரர்($கோட்$,கிளையன்ட்ஐபி)` என்று பேக்டிக் குறிகளுடன் இடுங்கள். ஒரு மேக்ரோவுக்குள் இன்னொன்றை அழைக்கத் தடையில்லை. இனி `வெப்_எர்ரர்(500)` என்றால் ஐபி முகவரிவாரியாக வரும்; வேறு புலம் வேண்டுமென்றால் இரண்டாவது மதிப்பைச் சேர்த்தால் போதும். எண்ணும் முறையைப் பின்னாளில் திருத்த நேர்ந்தால், இரண்டு ஆர்குமென்ட் உள்ள மேக்ரோவை மட்டும் திருத்துங்கள். மற்றது தானாகவே அதைப் பின்தொடரும்.