வெளிநாட்டு ஹீற்றரை வன்னியில் செருகும் முன்

தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும் என்று சும்மா சொல்லவில்லை. குளத்துக் காற்றுப் படுகிற வீடுகளில் வயதானவர்கள் விடியப்புறத்தில் நடுங்கிப்போவார்கள். அதனால் கனடாவிலும் லண்டனிலும் இருந்து வருகிற பிள்ளைகள் அம்மாவுக்கென்று மின்சாரக் கணப்புக் கொண்டு வருகிறார்கள். உள்ளே விறகு எரிவது போல வெளிச்சம் ஆடும், கூடவே சூட்டுக் காற்றும் வரும். நல்ல சாமான்தான். ஆனால் வயரிங் வேலைக்குப் போகிற வீடுகளில் அதை எப்படிச் செருகியிருக்கிறார்கள் என்று பார்த்தால் எனக்குப் பயமாக இருக்கிறது.

முதலில், கனடாச் சாமானை அப்படியே செருகாதீர்கள். அங்கே 120 வோல்ற், இங்கே 230. போன் சார்ஜர் அங்கேயும் இங்கேயும் வேலை செய்கிறதே என்பார்கள். அதில் 100 முதல் 240 வரை என்று எழுதியிருக்கும், ஹீற்றரில் அப்படி இருக்காது. 120 வோல்ற்றில் 1500 வாட் இழுக்கிற கம்பிச்சுருளுக்கு 230 கொடுத்தால், அது தாங்கி நிற்கிற வரைக்கும் 5500 வாட் இழுக்கும், பிறகு எரியும். ரேடியோவுக்கு வாங்கிய, வோல்ற்றைக் குறைக்கிற சின்ன ஸ்ரெப் டவுன் பெட்டியும் இதற்குக் காணாது. லண்டன் சாமான் என்றால் வோல்ற் பிரச்சினை இல்லை.

அதற்குப் பிறகுதான் உண்மையான ஆபத்து, அது பிளக்கில் இருக்கிறது. 2000 வாட் ஹீற்றர் 9 அம்பியர் அளவில் விடாமல் இழுக்கும். மாமி வீட்டில் அதை ஒரு அடாப்டர் வழியாக 5 அம்பியர் உருண்டைப் பிளக் பொயின்ற்றில் போட்டிருந்தார்கள், அதே அடாப்டரில் ரீவியும் இருந்தது. "லைற் எரியுது தானே தம்பி, பிறகென்ன?" என்றார் மாமி. மெயினை நிற்பாட்டிவிட்டுக் கழற்றிப் பார்த்தேன். வெள்ளைப் பிளாஸ்ரிக் ஓட்டையைச் சுற்றித் தேயிலைச் சாயம் மாதிரிப் பழுப்பாகி, ஒரு பின் வளைந்து, மீன் பொரித்த சட்டி போல ஒரு கருகல் மணம். இன்னும் இரண்டு இராத்திரி போயிருந்தால் என்ன நடந்திருக்குமோ தெரியாது. ஹீற்றரைச் சுவரில் உள்ள 13 அம்பியர் சதுரப் பின் பொயின்ற்றில் நேரே போடுங்கள், வேறெதையும் அதோடு சேர்க்க வேண்டாம். எக்ஸ்ரென்சன் வயரைச் சுருட்டி வைத்தபடி பாவித்தால் அந்தச் சுருளே சூடேறி உருகும்.

ஏர்த் ஓட்டைக்குள் பேனா மூடியைச் செருகி இரண்டு பின் பிளக்கைத் தள்ளுகிற பழக்கத்தைத் தயவுசெய்து விடுங்கள். இரும்புக் கூட்டில் கரண்ட் கசிந்தால் உயிரைக் காப்பது அந்த ஏர்த்தும் ட்ரிப் சுவிச்சும்தான். கோடையில் எங்கள் மண் காய்ந்து இறுகுகிறபோது ஏர்த் கம்பி சரியாக வேலை செய்யாமல் போகலாம், அதையும் பார்ப்பியுங்கள். ட்ரிப் சுவிச்சிலுள்ள சோதனைப் பொத்தானை இடைக்கிடை அமத்துங்கள், விழவில்லை என்றால் மாற்ற வேண்டும். அடிக்கடி விழுகிறது என்று அதை ஒதுக்கிவிட்டு நேரே வயர் கொடுக்கச் சொல்கிறவர்களும் இருக்கிறார்கள், நான் செய்து கொடுப்பதில்லை.

வைக்கிற இடத்தில் முன்னுக்கு மூன்று அடியாவது வெறுமையாக இருக்கட்டும். நுளம்பு வலை, சேலைத் தலைப்பு, மழைக்காலத்தில் காயாத பிள்ளைகளின் யூனிபோம், எதுவும் பக்கத்தில் வேண்டாம். வருடம் முழுக்க மூலையில் கிடந்ததை எடுக்கும்போது காற்று வருகிற வாயைப் பாருங்கள், குளவி மண்கூடு கட்டியிருக்கும். சோலார் இன்வேட்டர் சின்னதென்றால் இதை அதில் போடவே வேண்டாம்.

செலவும் இருக்கிறது. 2000 வாட் ஹீற்றரை ஒரு நாளைக்கு 3 மணித்தியாலம் போட்டால் 6 யூனிற், மாதத்துக்கு 180. பாவிக்கிற யூனிற் கூடக் கூட ஒரு யூனிற்றின் விலையும் ஏறும். அநேகமான கணப்புகளில் சூடு இல்லாமல் வெளிச்சத்தை மட்டும் போடலாம், அதற்கு ஒரு பல்ப் அளவுதான் போகும். மாமி இப்போது அப்படித்தான், படுக்கப் போகும் முன் மட்டும் அரை மணித்தியாலம் சூடு. நிற்பாட்டியதும் பிளக்கின் பிளாஸ்ரிக்கைத் தொட்டுப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். இளஞ்சூடு பரவாயில்லை, கை வைக்க முடியாமல் சுட்டால் அன்றோடு அந்தப் பொயின்ற்றை நிற்பாட்டிவிட்டு என்னைக் கூப்பிட வேண்டும்.