'விளக்குக' என்றால் என்ன செய்ய வேண்டும்? ஆங்கில வினைச்சொற்களைப் பிரித்தறியும் முறை

எக்ஸ்ப்ளெயின், இலஸ்ட்ரேட், கிளாரிஃபை, எலூசிடேட் ஆகிய நான்கு ஆங்கிலச் சொற்களுக்கும் அகராதியில் 'விளக்கு' என்ற ஒரே தமிழ்ச்சொல்லைக் காணலாம். அது தவறன்று, ஆனால் அதை மட்டும் நம்பி எழுதுபவர், காரணம் கேட்கும் வினாவுக்கு உதாரணத்தையும் உதாரணம் கேட்கும் வினாவுக்கு வரையறையையும் எழுதி, நன்கு தெரிந்த பாடத்திலேயே மதிப்பெண்ணை இழக்க நேரிடுகிறது. இச்சொற்களைப் பட்டியலாக மனப்பாடம் செய்வதைவிட, ஒரே கருத்தை எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு சொல்லும் அதன்மீது என்ன வேலையைச் செய்யச் சொல்கிறது என்று பார்ப்பதே பயன் தரும். 'பனிக்கட்டி நீரில் மிதக்கிறது' என்பதை அத்தகைய கருத்தாக வைத்துக்கொள்வோம்.

எக்ஸ்ப்ளெயின் என்பது 'ஏன், எப்படி' என்ற கேள்விக்கு விடை கேட்கிறது. நீர் உறையும்போது அதன் மூலக்கூறுகள் இடைவெளி மிகுந்த அமைப்பில் அடுக்கப்படுவதால் பருமன் ஏறத்தாழ 9 சதவீதம் கூடி அடர்த்தி குறைகிறது, ஆகவே பனிக்கட்டி மிதக்கிறது என்று காரணத்தைத் தொடராகச் சொன்னால் அந்த வேலை முடிந்தது. சமதளமாக்குதல் என்ற பொருளுடைய இலத்தீன் சொல்லிலிருந்து வந்ததால், மேடுபள்ளத்தைச் சமன்செய்து வழி அமைப்பதாக இச்சொல்லை நினைவில் கொள்ளலாம். 'எனக்கு விளக்கு' என்ற தமிழ்த் தொடரை அப்படியே பெயர்த்து 'எக்ஸ்ப்ளெயின் மீ' என்று எழுதுவது நம்மிடையே மிகப் பரவலான பிழை. இடையில் 'டு' வர வேண்டும்.

இலஸ்ட்ரேட் என்ற சொல்லின் வேர் ஒளியூட்டுதல். ஒளி தரும் பொருளுக்கும் பொருளை உணர்த்தும் செயலுக்கும் 'விளக்கு' என்ற ஒரே வடிவத்தை வைத்திருக்கும் நமக்கு இது எளிதில் பிடிபட வேண்டும். எனினும் ஆங்கிலத்தில் அந்த ஒளி ஓர் உதாரணத்தின் வழியாகவோ படத்தின் வழியாகவோதான் வருகிறது. நீர் நிரப்பி இறுக மூடிய கண்ணாடிப் புட்டி ஃப்ரீசரில் வெடித்துவிடுவதை எடுத்துச் சொன்னால், உறையும் நீர் விரிவடைகிறது என்பதை இலஸ்ட்ரேட் செய்தவராவோம். இதில் காரணம் இன்னும் சொல்லப்படவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். உதாரணம் காரணத்தின் இடத்தை நிரப்பாது, காரணமும் உதாரணத்தின் இடத்தை நிரப்பாது. தேர்வுத்தாளில் நிகழும் குழப்பத்தில் பெரும்பகுதி இந்த ஓர் இடத்தில்தான் இருக்கிறது என்பது என் கருத்து.

இதற்கு நெருங்கிய உறவான எக்ஸெம்ப்ளிஃபை, பெரும்பாலும் பொருளையே எழுவாயாகக் கொள்கிறது. உறையும்போது விரிவடையும் தனிமங்களை பிஸ்மத் எக்ஸெம்ப்ளிஃபை செய்கிறது என்றால், அந்த வகைக்கு அதுவே தக்க மாதிரி என்று பொருள். டெமான்ஸ்ட்ரேட் என்பதோ கண்முன் செய்துகாட்டுதல் அல்லது ஐயமற நிறுவுதல். ஒரு குவளை நீரில் பனிக்கட்டியைப் போட்டுக் காட்டுவது அது.

கிளாரிஃபை என்ற சொல்லுக்கு நம் 'தெளிவு' மிக அழகாகப் பொருந்துகிறது, ஏனெனில் கலங்கல் நீங்கிய நீரையும் குழப்பம் நீங்கிய மனத்தையும் தமிழில் 'தெளிந்தது' என்றே சொல்கிறோம். கலங்கல் இருந்தால்தான் தெளிவிக்க முடியும். அதுபோல, தவறான புரிதல் முன்பே இருக்கும் இடத்தில்தான் இச்சொல் பொருந்தும். 'பனிக்கட்டிக்கு எடையே இல்லை என்று நான் கூறவில்லை, சம பருமனுள்ள நீரைவிட அது எடை குறைந்தது என்றே கூறினேன்' என்பது கிளாரிஃபை. எலூசிடேட் இன்னும் கனமான எழுத்துநடைச் சொல். எளிதில் புலப்படாததைப் புலப்படுத்தும் இடத்திற்கு அதை ஒதுக்கிவைப்பது நல்லது.

எலாபரேட் என்றால் முன்பு சொன்னதை விரித்தல். நீரின் அடர்த்தி சுமார் 4 டிகிரி செல்சியஸில் உச்சம் அடைவதால், ஏரியின் மேற்பரப்பு உறைந்தாலும் அடியில் நீர் திரவமாகவே இருக்க முடிகிறது என்று மேலும் சேர்ப்பது அந்த வேலை. எதைப் பற்றி விரிக்கிறோம் என்று சொல்லும்போது இவ்வினையுடன் 'ஆன்' சேரும். ஆனால் டிஸ்கிரைப், டிஸ்கஸ் ஆகிய வினைகளுடன் 'பற்றி' என்பதை நினைத்து 'அபவுட்' சேர்க்கக் கூடாது.

எழுத்தில் அடிக்கடி இடம் மாறும் இரு சுருக்கங்களும் இதே குடும்பத்தைச் சேர்ந்தவை. ஈ.ஜி. என்பது 'எடுத்துக்காட்டாக', ஐ.ஈ. என்பது 'அதாவது'. முன்னது பலவற்றுள் சிலவற்றைக் காட்டுகிறது. பின்னது சொன்னதையே வேறு சொற்களில் முழுமையாகச் சொல்கிறது. எந்தத் தமிழ்ச்சொல் வாக்கியத்தில் இயல்பாக அமர்கிறது என்று வாசித்துப் பார்த்துத் தேர்ந்தால் பிழை நேராது. மேலும், ஈ.ஜி. என்று தொடங்கும் பட்டியல் முழுமையற்றது என்பது அச்சுருக்கத்திலேயே அடங்கியிருப்பதால், அதன் இறுதியில் 'எட்செட்டரா' சேர்க்க வேண்டியதில்லை.